வந்தவன் கல்

அந்தக் காலத்தில் பறவைகள் பேசின. மனிதர்களைப் போல வளவளவென்று அல்ல, வேண்டியதை மட்டும்.

கூவலூர் மாடுகளைக் கொள்ளைக்காரர்கள் ஓட்டிப் போனார்கள். மீட்கப் போனவர்கள் ஏழு பேர். கொள்ளைக்காரர்களை விரட்டினார்கள். மாடுகள் வழி தெரிந்து வீடு வந்தன. ஏழு பேரில் ஒருவரும் வரவில்லை.

சண்டையில் செத்தவனுக்குச் சொந்தக்காரன்தான் கல் நடவேண்டும். வேறு கை படக்கூடாது. ஊர் வழக்கம் அது. ஆறு வீட்டார் ஆறு கல் நட்டார்கள். ஏழாமவன் எங்கிருந்தோ மாடு மேய்க்க வந்தவன். ஊர் அவனை 'வந்தவன்' என்றே கூப்பிட்டது. விழுந்த இடத்திலேயே மண்ணைப் போட்டு மூடினார்கள். அதோடு சரி.

அவன் சாகும்போது பக்கத்தில் இருந்தது அங்கே வேலமரத்தில் குடியிருந்த ஆள்காட்டிக் குருவி மட்டும்தான்.

"யாராவது கேட்டால் நான் இங்கே கிடக்கிறேன் என்று சொல்வாயா?"

"சொல்கிறேன். உன் பேர் என்ன?"

அதற்குள் போய்விட்டான்.

குருவி மரத்தை விட்டு இறங்கி மண்மேட்டருகே நின்றது. ஒரு மழைக்காலம் போயிற்று. ஒருவரும் கேட்கவில்லை. குருவி ஊர்த்தலைவன் எயினனிடம் போயிற்று.

"ஒரு கல் குறைகிறது, பெரியவரே."

"அவன் ஆட்கள் வந்து நடட்டும்."

"எந்த ஊரிலிருந்து வருவார்கள்?"

"எனக்கென்ன தெரியும்? உனக்கு வேறு வேலை இல்லையா?"

இல்லைதான். திரும்பி வந்து நின்றது. முட்டையையும் அங்கேயே வெறுந்தரையில் இட்டது. போகிறவர் வருகிறவரைப் பார்த்துக் கத்தியது. சனியன் என்று கல்லெறிந்தார்கள்.

ஏழெட்டு வருஷம் இப்படி.

ஒருநாள் கன்றைத் தேடி வள்ளை வந்தாள். செத்த ஆறு பேரில் ஒருவனின் பெண்சாதி. குருவி கத்தியது. அவள் கல்லெடுக்கவில்லை.

"இங்கே யார் கிடக்கிறது?" என்றாள்.

குருவி நடந்ததைச் சொன்னது.

வள்ளை மண்மேட்டருகே உட்கார்ந்தாள். "எனக்குக் கூடப்பிறந்தவன் கிடையாது. இவன் இருந்துவிட்டுப் போகட்டும்."

கல்லை அவளே புரட்டி வந்து நட்டாள். எயினன் பாய்ந்து வந்தான்.

"அவனுக்கு நீ என்ன முறை?"

"அக்காள். அவன் மீட்ட மாட்டைத்தான் தினமும் கறந்து குடிக்கிறீர்கள், மாமா. நீங்கள் என்ன முறை?"

எயினன் போய்விட்டான். மறுநாள் ஏர் பூட்டவில்லை. ஒரு செம்புப் பாலோடு வந்தான். பின்னால் ஊரே வந்தது.

"நீ மரத்துக்குப் போ, போதும்," என்றாள் வள்ளை.

குருவி பறந்து போய்க் கிளையில் உட்கார்ந்தது. பிடி நிற்கவில்லை. தரையில் நின்று நின்று பின்விரல் தேய்ந்து போயிருந்தது. கீழேயே வந்துவிட்டது.

அன்று முதல்தான் வருஷத்தில் அந்த ஒரு நாள் கூவலூரில் எவரும் ஏர் பூட்டுவதில்லை. தங்கள் வீட்டுக் கல்லுக்கு முன்பே வந்தவன் கல்லுக்குப் பால் ஊற்றுகிறார்கள். மற்ற நாளெல்லாம் அங்கே ஆள்காட்டி மட்டும்தான், தரையில், கத்திக்கொண்டு.