நேரத்துக்கு வந்த இரண்டாவது கிட்டார்

மேலப்பாளையத்தில் பெனாசிர் ரேடியோ, ஆம்ப்ளிபயர் பழுது பார்த்துவந்தார். கேட்டு வந்தவர்களுக்கு அந்த வேலையைக் கற்றும் கொடுத்தார். அவரிடம் படித்தவர்களிலேயே வயதில் மூத்தவர் ஞானசிகாமணி. ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். தேவாலயப் பாடகர் குழுவில் கிட்டார் வாசிப்பவர்.

ஒருநாள் அவர் தன் கிட்டாரோடும், அதோடு இணைத்துக் காலால் மிதிக்கும் புது கோரஸ் பெடல் ஒன்றோடும் வந்தார்.

"இனிமே டைட்டஸ் தேவையில்ல டீச்சர். குழுவுல இருந்து நிறுத்திட்டேன்."

டைட்டஸ் அவருடைய பால்ய நண்பர். பக்கத்தில் நின்று இரண்டாவது கிட்டார் வாசித்தவர்.

"ஏன் அண்ணாச்சி?"

"எப்பவும் ஒரு இம்மி பிந்தித்தான் வருவான். உனக்குத் தாளமே கிடையாதுன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன். கிட்டாரைப் பையில வச்சுட்டுப் போயிட்டான்."

ஞானசிகாமணி பெடலை மிதித்து வாசித்துக் காட்டினார். ஒரு கிட்டார்தான், ஆனால் இரண்டு பேர் வாசிப்பதுபோல் அறை நிறைந்தது.

"நல்லாத்தான இருக்கு" என்றார் பெனாசிர்.

"கூர்ந்து கேளுங்க. இதுலயும் ரெண்டாவது சத்தம் பிந்துது, அவனை மாதிரியே. அதை எடுத்துடுங்க. கிறிஸ்துமஸ் ஆராதனைக்குச் சுத்தமா இருக்கணும்."

"முழுசாவா?"

"முழுசா."

பெனாசிர் மூடியைக் கழற்றினார். "உள்ள கடிகாரம் மாதிரி ஒரு சர்க்யூட் ஓடுது. ரெண்டாவது சத்தத்தைப் பிடிச்சு வச்சு விடுறது அதுதான். அதை வேகமா விரட்டினா தாமதம் குறையும்."

கடிகாரத்தின் அருகே இருந்த சிறிய கண்டென்சரை எடுத்துவிட்டு, அதைவிடக் குறைந்த மதிப்பில் ஒன்றைப் பற்றவைத்தார்.

ஞானசிகாமணி வாசித்தார். தகரக் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது.

"இன்னும் குறைங்க."

குறைத்தார். ஒலி மெலிந்தது.

"இன்னும் இருக்கா டீச்சர்?"

"எவ்வளவு விரட்டினாலும் கொஞ்சம் இருக்கும்."

"அதுவும் வேண்டாம்."

பெனாசிர் அவரை ஒரு கணம் பார்த்தார். பிறகு, ஒலி தன்னைத் தாமதப்படுத்தும் சிப்பைத் தொடாமல் தாண்டிப் போக ஒரு வயரை இழுத்துப் பற்றவைத்தார்.

"இப்ப வாசிங்க."

அவர் வாசித்தார். பாதியில் நின்றார். பெடலை மிதித்தார். அதிலிருந்த சிறு விளக்கு எரிந்தது. மறுபடி வாசித்தார். அணைத்தார். மிதித்தார். எப்படி மிதித்தாலும் ஒரே ஒரு கிட்டார், வெறும் அறையில்.

"என்ன பண்ணிட்டீங்க டீச்சர்? புதுப் பெடலைக் கெடுத்துட்டீங்களே!"

"கெடல அண்ணாச்சி."

"அப்ப ரெண்டாவது கிட்டார் எங்க?"

"வாசிச்சுக்கிட்டுத்தான் இருக்கு. நேரத்துக்கு வருது."

ஞானசிகாமணியின் விரலிடுக்கிலிருந்த, தந்தியை மீட்டும் பிக் நழுவிக் கீழே விழுந்தது. அதை அவர் எடுக்கவில்லை.

"கோயிலே நிறைஞ்சு கேக்குதுன்னு சனங்க சொல்லுவாங்க டீச்சர்." கிட்டாரை இறக்கி வைத்தார். "அது என் கிட்டாருன்னு நெனச்சேன்."

பெனாசிர் வயரை எடுத்தார். பழைய கண்டென்சரை அதன் இடத்தில் மறுபடி பற்றவைத்தார்.

ஞானசிகாமணி பெடலை வாங்கிக்கொள்ளவில்லை. வாசல்வரை போய்த் திரும்பினார்.

"அவன் வீட்டு முன்னால போய் நின்னு நான் என்ன சொல்ல?"

"கொஞ்சம் பிந்திட்டேன்னு சொல்லுங்க."