செம்போத்தின் சாட்சி

பறவைக்கும் மனிதருக்கும் பேச்சு ஒன்றாயிருந்த அந்தக் காலத்தில் செம்போத்தின் கண்கள் கறுப்பு. ஒரு கடற்கரை ஊரில், கோயில் வாசல் பூவரசின் உச்சிக் கிளையில் அது உட்கார்ந்திருக்கும். உயரத்திலிருந்து பார்ப்பது தப்பாகப் பார்க்காது என்று ஊரார் நம்பினார்கள்.

அங்கே பாஸ்கு என்ற உயிர்ப்புத் திருநாளுக்கு உயிர்த்த ஆண்டவர் சுரூபத்தின் ஐந்து காயங்களிலும் சிவப்புக் கெம்புக் கற்களைப் பதிப்பார்கள். தவக்காலம் முழுக்கக் கற்கள் கோயில் காரியம் பார்க்கும் உபதேசியாரின் பெட்டியில் இருக்கும். திருநாளுக்கு முந்தைய பெரிய சனிக்கிழமை மதியம் நகை வேலைக்காரன் கயித்தான் வந்து, பூவரசின் நிழலில் சுரூபத்தை மல்லாத்திக் கிடத்தி, அரக்கை உருக்கிப் பதிப்பான். ஒவ்வொரு கல்லையும் முதலில் நாக்கில் வைப்பான். நல்ல கல் குளிரும், கண்ணாடி குளிராது.

அந்த வருஷம் உபதேசியார் இஞ்ஞாசி பக்கத்திலேயே நின்றார்.

“என்ன ஓய், ருசி பாக்கீரா?”

“பெட்டிச் சாவி உம்ம இடுப்புல. அதே கல்லுதானான்னு பாக்காண்டாமா?”

இருவருமே சிரிக்கவில்லை.

நான்கு பதிந்தன. ஐந்தாவதைக் காணோம். இடது பாதம் வெறுங்குழியாக இருந்தது.

“இப்பந்தான் சுரூபத்து நெஞ்சுமேல வச்சேன்” என்றான் கயித்தான்.

உபதேசியார் மணியை அடித்து ஊரைக் கூட்டினார். பிறகு மரத்தை அண்ணாந்து பார்த்தார். “நீ பாத்தியா?”

“வாயில் போட்டதைப் பார்த்தேன்” என்றது செம்போத்து.

வாயிலிருந்து எடுத்ததைப் பார்த்தாயா என்று யாரும் கேட்கவில்லை. அது பார்க்கவுமில்லை. அந்த நேரம் அதன் கவனம் ஓர் ஓணான்மேல் இருந்தது.

“சத்தியமா?”

“என் கண்ணாணை.”

கயித்தானைக் கடலோரம் இழுத்துப்போய் மூன்று சொம்பு உப்புத்தண்ணீர் குடிக்கவைத்தார்கள். அவன் கக்கியதைக் குச்சியால் கிளறினார்கள். கல் இல்லை.

“அவசரப்படாதிய. நாளைக்குக் காலையில தானா வரும்” என்றான் ஒருவன். சிரித்தார்கள்.

“விடியுமுன்ன கரையை விட்டுப் போயிரணும். பெண்டாட்டி பிள்ளையளையும் கூட்டிக்கிட்டு” என்றார் உபதேசியார்.

கயித்தானின் மனைவி பிரகாசி கடலோரம் போகவில்லை. கூட்டம் திரும்பி வந்தபோது அவள் சுரூபத்தின் அருகே குனிந்திருந்தாள்.

“விலாக் கல்லு மட்டும் ஏன் இப்படித் துருத்திக்கிட்டு நிக்கி?”

ஊசியைச் சுட்டு அரக்கை இளக்கிக் கல்லை நெம்பி எடுத்தாள். அடியில் இன்னொன்று கிடந்தது. நெஞ்சின்மேல் வைத்த கல் உருண்டு விலாக்குழியின் அரக்கில் புதைந்திருக்கிறது. அது தெரியாமல் கயித்தான் அதன்மேலேயே அடுத்ததைப் பதித்துவிட்டான்.

கயித்தானிடம் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. எல்லாரும் மரத்தைப் பார்த்தார்கள்.

“கண்ணாணைன்னு சொன்னியே” என்றார் உபதேசியார்.

“கேட்டதற்குச் சொன்னேன்” என்றது செம்போத்து. சொல்லும்போதே அதன் கண்கள் எரிந்தன. கறுப்பு கரைந்து இரண்டும் கெம்பாகச் சிவந்தன.

“ஏ, அங்க ரெண்டு கல்லு இருக்கு பாருங்க” என்று ஒரு குரல் எழுந்தது. “அது யாருவீட்டுது?”

முதல் ஓட்டாஞ்சில்லு மரத்தை நோக்கிப் பறந்தது. செம்போத்து புதருக்குள் விழுந்தது.

மறுநாள் சப்பரம் தெருவில் வந்தபோது ஐந்து காயங்களும் வெயிலில் எரிந்தன. ஊரார் அவற்றை ஒவ்வொன்றாக எண்ணினார்கள். பிறகு, கணக்குச் சரியாக இருந்தும், ஒருவர் வாயை ஒருவர் பார்த்தார்கள்.

செம்போத்து சிவந்த கண்ணோடு புதருக்குள் தலை தாழ்த்தி நடப்பதும், ஆளரவம் கேட்டால் ஒதுங்கிக்கொள்வதும், பேச்சை விட்டு ‘உக், உக்’ என்று மட்டும் சொல்வதும் அந்தப் பாஸ்கு தொடங்கித்தான்.