வாலில் மாட்டிய எஞ்சின்

ஒற்றையடி மலைப்பாதை. முன்னால் மூச்சிரைக்க ஏறிக்கொண்டிருந்தவர் சீடர் நாச்சிமுத்து. அரிசி மண்டியை மகனிடம் விட்டுவிட்டுத் துறவுக்கு வந்தவர். தாடியும் தொப்பையும் மட்டும் கூடவே வந்துவிட்டன. பின்னால் வந்தவர்தான் குரு. வயதில் இளையவர், ஆள் ஈர்க்குச்சி.

நாச்சிமுத்து நின்றுவிட்டார்.

"ஏனுங்க சாமி, குருதான் முன்னால போகோணும், சீடன் பின்னால வரோணும். அடிவாரத்துல இருந்து என்னையவே முன்னால விடறீங்களே, ஏனுங்க?"

குரு கைத்தடியை ஊன்றி நின்றார்.

"பார்க்கறவனெல்லாம் என் கால்லயே விழறான். நேத்து ஒருத்தி சீக்கு மாட்டுக்குத் திருநீறு கேட்டா. குடுத்துத் தொலைச்சேன். மாடு ராத்திரியே போய்ச் சேர்ந்துருச்சு!"

குரு சிரித்துவிட்டார்.

"வழிகாட்டாத குரு எனக்கெதுக்குங்க? இப்பவே ஊருக்கு இறங்கறேன். மண்டி இருக்கு, மகன் இருக்கான்."

சொன்னாரே ஒழிய, மனிதர் ஓர் அடிகூட இறங்கவில்லை. எல்லாவற்றையும் விட்டுவிட்டு இவரை நம்பி வந்தவராயிற்றே.

அந்நேரம் பார்த்துப் பக்கத்துத் தண்டவாளத்தில் பழைய நீராவி ரயில் மேலேறி வந்தது. முதலில் தெரிந்தது பெட்டிதான். அதன் முகப்பில் பச்சைக்கொடியோடு ஓர் ஆள் நின்றார்.

"ஐயையோ! எஞ்சின் இல்லாம ரயில் வருதுங்க!"

பெட்டிகள் கடந்தன. கடைசியில், புகையைக் கக்கிக்கொண்டு, முக்கி முக்கித் தள்ளியபடி வந்தது எஞ்சின்.

நாச்சிமுத்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எந்தக் கூறுகெட்டவன் சாமி எஞ்சினைக் கொண்டுபோய் வாலுல மாட்டினது?"

"கொக்கி கழண்டா பெட்டி எந்தப் பக்கம் உருளும்?" என்றார் குரு.

"இதென்னங்க கேள்வி, கீழதான்..." என்று திரும்பியவரின் காலடியில் சரளை வழுக்கியது. அரிசி மூட்டை சரிந்த மாதிரி சரிந்தார். குரு தடியை ஊன்றித் தோளைக் கொடுத்துத் தாங்கினார். தாங்கினார் என்றா சொன்னேன்? இருவரும் புதருக்குள் போய் உட்கார்ந்தார்கள். பள்ளத்துக்குப் போகவில்லை, அவ்வளவுதான். மெல்ல மேலேறிக்கொண்டிருந்த ரயிலில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்துக் கைதட்டினார்கள்.

நாச்சிமுத்துவை வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் மண்டிக்காரர் சொன்ன சொல்லை மாற்றுவாரா?

"என்ன இருந்தாலும் நான் ஊருக்கு இறங்கறது இறங்கறதுதானுங்க."

"மகராசனாப் போங்க."

குரு எழுந்தார். வேட்டியில் ஒட்டிய முள்ளைத் தட்டினார். சீடரைச் சுற்றிக்கொண்டு வந்து பாதை இறங்கும் பக்கம் நின்றார்.

"ஆனா இது இறக்கம். இப்போ நான் முன்னால போறேன்."