நண்டின் வாயில் நுரை

சேற்றுக்கும் காது இருந்த அந்தக் காலத்தில், கழிமுகத்து வளைகளுக்கெல்லாம் மண்கதவு உண்டு. உரிய சொல்லைச் சொன்னால் திறக்கும். இல்லாவிட்டால் யார் முட்டினாலும் திறக்காது. பனி இறங்கிய காலைகளில் கரை முழுக்க யாராவது எதையாவது முணுமுணுத்தபடி வீட்டுக்குள் போய்க்கொண்டிருப்பார்கள்.

செங்காலி என்ற நண்டுக்கு வளைகள் நிறைய. சருகு போட்டுவைக்க ஒன்று, வெயிலுக்கு ஒதுங்க ஒன்று, குஞ்சுகள் தூங்க ஒன்று. எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான் வைத்திருந்தாள்: "ஈரம்." அவளைக் குறை சொல்லி என்ன, நாமும் அப்படித்தான்.

சருகு வளைதானே என்று ஒருநாள் அதன் முன்னால் நின்று உரக்கவே சொல்லிவிட்டாள். பக்கத்தில் நட்ட குச்சி போல நின்றிருந்த மடையான் கொக்கு அதைக் கேட்டது. சருகை அது சீண்டவே இல்லை. நேரே குஞ்சுகளின் வளைக்குப் போய், "ஈரம்" என்றது. கதவு திறந்தது. கடைக்குட்டியைக் கவ்விக்கொண்டு பறந்துவிட்டது. அந்தக் குட்டிக்கு இன்னும் பெயர்கூட வைக்கவில்லை.

செங்காலி அழுதுகொண்டே மட்டியிடம் போனாள். மட்டி சேற்றில் பாதி புதைந்து கிடப்பவள், ஓட்டுக்குள் வாழ்பவள், அதிகம் பேசாதவள்.

"அக்கா, மிச்சப் புள்ளைங்களையாவது காப்பாத்தணும். கதவுக்குக் கதவு வேற சொல்லு வைக்கலாம்னா என் மண்டையில நிக்காது."

"நிக்க வேண்டாம். கதவுக்கு ஒண்ணா, யாராலயும் ஊகிக்க முடியாத சொல்லா நானே வச்சு, எனக்குள்ளயே பூட்டிக்கிறேன். நீ ஒண்ணே ஒண்ண மட்டும் மனசுல வச்சுக்க. அதச் சொன்னாத்தான் ஓட்டத் திறந்து கதவோட சொல்லத் தருவேன். நீயே வந்து நின்னாலும் சும்மா திறக்க மாட்டேன்."

செங்காலி மட்டியின் விளிம்பில் வாயை வைத்து, ஒரு சொல்லைச் சொன்னாள்.

மறுநாள் பனிக்குள்ளிருந்து செங்காலியின் குரல் கேட்டது. "அக்கா, நான்தான். பதட்டத்துல சொல்லு மறந்துபோச்சு. புள்ளைங்க உள்ள தவிக்குதுங்க. திற அக்கா."

மட்டி தயங்கினாள். உண்மையாகவே அவளாக இருந்தால்? இருந்தாலும் ஓட்டை இறுக மூடிக்கொண்டாள். உடனே அலகால் ஓங்கி ஒரு கொத்து விழுந்தது. ஓட்டின் ஓரம் பெயர்ந்தது. மடையான்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. கொத்திக் கொத்திச் சலித்து அது விலகிப் போனது.

பிறகு செங்காலி வந்தாள். மடையான் தூரத்தில் நிற்பதைப் பார்த்ததும் சத்தம் போடாமல் வாயை மட்டும் அசைத்தாள். சொல் நுரையாக வந்து மட்டியின் விளிம்பில் உடைந்தது. மட்டி திறந்து குஞ்சுகளின் வளைக்கான சொல்லை மெல்லக் கொடுத்தாள்; வளைக்கதவு திறந்தது. குஞ்சுகள் பத்திரமாக இருந்தன.

அந்தச் சொல், கடைக்குட்டிக்கு வைக்க நினைத்திருந்த பெயர். அதை அவள் யாரிடமும் சொன்னதே இல்லை.

அன்று முதல்தான் தொட்டவுடன் மட்டி மூடிக்கொள்கிறது, கொக்கு கரையில் அசையாமல் நின்று காதுகொடுக்கிறது, நண்டு தன் வளைவாசலில் நுரைதள்ளியபடி அந்தப் பெயரைச் சத்தமில்லாமல் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது.