கண்ணாடிக்குள் மிச்சம்

"எம்மா, மனசார விட்ட கோபம் திரும்ப வருமா?"

கேட்டவர் ஆவுடையப்பன்.

பிலோமி பதில் சொல்லவில்லை. வாயில் முந்திரி மக்ரூன் இருந்தது. வாயில் மக்ரூன் இருக்கும்போது அவர் யாருக்கும் பதில் சொல்ல மாட்டார். மெதுவாகத் தின்று முடித்தார். விரலைத் துடைத்தார்.

"அந்த மானிட்டரைத் தூக்கி மேசையில வைங்க அண்ணாச்சி."

தூத்துக்குடியில் மீன் ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் இருந்தது அந்தக் கடை. மானிட்டர்கள் எல்லாம் முதுகு புடைத்த குண்டுப் பெட்டிகளாக இருந்த காலம். கடல் பக்கத்தில் இருந்தால் உப்புக்காற்று சும்மா விடுமா? பெட்டிக்குள் புகுந்து ஈரம் ஏற்றும். மானிட்டர் படுக்கும். ஊர் முழுக்கப் பிலோமியைத் தேடி வரும்.

பிலோமி குரு. ஆவுடையப்பன் சீடர். ரேடியோவும் டேப்ரிக்கார்டரும் பார்த்த கை அவருடையது. மானிட்டர் படிக்கலாம் என்று வந்து சேர்ந்திருந்தார். குருவை விடச் சீடருக்குத்தான் வயது கூட. அதனால் குரு சீடரை அண்ணாச்சி என்பார். சீடர் குருவை எம்மா என்பார். இதில் இரண்டு பேருக்கும் ஒரு சங்கடமும் கிடையாது. பார்க்கிறவர்களுக்குத்தான் சிரிப்பு.

ஆவுடையப்பன் மானிட்டரைத் தூக்கி வைத்தார்.

"என்ன கம்ப்ளெய்ண்ட்?" என்றார் பிலோமி.

"எனக்கா, இதுக்கா?"

"மொதல்ல இதுக்கு."

"லைட் எரியுது. படம் இல்லை. உள்ள டிக் டிக்னு சத்தம்."

"சரி. இப்ப உங்களுக்கு."

ஆவுடையப்பன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"என் மச்சான் செந்தூர்பாண்டி இருக்கான்லா. தங்கச்சி மாப்பிள்ளை."

"பந்தியில வச்சு உங்களைச் சொன்னவரு."

"அவனேதான்."

கதை பிலோமிக்குத் தெரியும். கடைக்கு வருகிற கொரியர்காரருக்குக் கூடத் தெரியும். புது வீடு பால்காய்ச்சு அன்று, பந்தியில் நாலு பேர் முன்னால், "ரேடியோவே ஊமையாயிட்டு, எங்க மச்சானுக்கு மட்டும் இன்னும் வாய் ஓயலை" என்று செந்தூர்பாண்டி சொன்னார். பந்தியே சிரித்தது. ஆவுடையப்பன் கை நனைக்காமல் எழுந்து வந்தார். அதோடு பேச்சுவார்த்தை நின்றது.

"அதான் அம்மன் கோயில் கொடையில ராசி ஆயிட்டியளே," என்றார் பிலோமி.

"ஆனேன். அவனா வந்து கையைப் பிடிச்சான். தப்பாப் பேசிட்டேன் மச்சான்னான். நான் கட்டிப்பிடிச்சு அழுதேன்மா. கொட்டுச் சத்தத்துல என் அழுகை யாருக்கும் கேக்கலை, அவ்வளவுதான். நெஞ்சு அப்படியே காலியாப் போச்சு. நல்லாத் தூங்குனேன்."

"சந்தோசம்."

"நேத்து வெத்தலைத் தட்டோட வீட்டுக்கு வந்தான். மகளுக்குக் கல்யாணம். தாய்மாமனுக்குத்தானே முதல் அழைப்பு? வாசல்ல நின்னு சிரிச்சான் பாருங்க. அந்தச் சிரிப்பைப் பாத்ததும் குபுக்குனு வந்துட்டு. அதே கோபம். பந்தியில இருந்த மாதிரியே."

"திட்டிட்டியளா?"

"இல்லை. தட்டை வாங்கினேன். ஒரு வார்த்தை பேசலை. பாதிக் காப்பியோட எந்திச்சுப் போயிட்டான்."

ஆவுடையப்பன் ஸ்டூலை இன்னும் கிட்ட இழுத்தார்.

"அப்ப கொடையில நான் அழுதது நடிப்புத்தானே? மனசுல ஒண்ணு, வெளியில ஒண்ணு. அப்படி ஒருத்தன் தாய்மாமன்னு மணவடையில ஏறி மாலை போடக் கூடாதும்மா. நான் கல்யாணத்துக்குப் போகலை. முடிவு பண்ணிட்டேன்."

"பொன்னிசக்கி என்ன சொல்லுதா?"

பொன்னிசக்கிதான் கல்யாணப்பெண். ஆவுடையப்பன் தோளில் போட்டு வளர்த்த மருமகள்.

"காலையில போன் பண்ணினா. மாமா வரலைன்னா மணவடைக்கு ஏற மாட்டேன்னு அழுதா."

"நீங்க என்ன சொன்னிய?"

"வச்சிட்டேன்."

பிலோமி அவர் பக்கம் திரும்பினார். ஏதோ பெரிதாகச் சொல்லப் போகிறார் என்று ஆவுடையப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எல்.ஓ.டி. போயிருக்கும்," என்றார் பிலோமி. "கழத்துங்க."

எல்.ஓ.டி. என்பது பிக்சர் டியூப்புக்கு ஆயிரக்கணக்கான வோல்ட் மின்சாரம் தருகிற சாமான். அதிலிருந்து ஒரு தடித்த ஒயர் கிளம்பி, டியூப்பின் முதுகில் ஒரு ரப்பர் மூடிக்குள் போய்ச் செருகியிருக்கும். எல்.ஓ.டி.யை மாற்ற வேண்டுமானால் அந்த மூடியைக் கழற்ற வேண்டும். அதற்கு முன்னால் டியூப்பில் தேங்கி நிற்கிற மின்சாரத்தை டிஸ்சார்ஜ் பண்ண வேண்டும். கரண்ட் ஒயரைப் பிடுங்கிவிட்டோமே என்று அது போய்விடாது.

இந்த வேலைக்குப் பிலோமியிடம் ஒரு முறை உண்டு.

வலது கை மட்டும் வேலை செய்ய வேண்டும். இடது கை பெட்டியின் பக்கமே வரக் கூடாது. இரண்டு கையும் பட்டால் மின்சாரம் நெஞ்சு வழியாகப் போகும். பிலோமி இடது கையை முந்தானைக்குள் செருகிக்கொள்வார். ஆவுடையப்பனுக்குப் பேன்ட் பாக்கெட்.

எர்த் ஒயர் கட்டிய நீள ஸ்க்ரூடிரைவரை ரப்பர் மூடிக்கு அடியில் நுழைத்து ஒரு தடவை தொடுவார். டப்பென்று வெடிக்கும். பிறகு டீ குடிப்பார். டீ முடிந்ததும் இன்னொரு தடவை தொடுவார். அப்புறம்தான் மூடியைக் கழற்றுவார்.

"நான் செய்யுற மாதிரியே செய்யுங்க," என்பதுதான் பாடம். அதற்கு மேல் ஒரு விளக்கமும் கிடையாது. மனுஷிக்கு அவ்வளவு சிக்கனம்.

ஆவுடையப்பன் இடது கையைப் பாக்கெட்டில் போட்டார். ஸ்க்ரூடிரைவரை நுழைத்தார்.

டப்!

நீலமாக ஒரு பொறி. ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் கீழே வைத்தார். பிலோமி பிளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தார். சீடருக்கு டீ குடிக்கிற மனநிலை இல்லை. மச்சான் சிரித்த சிரிப்பு கண்ணுக்குள் நின்றது. கொஞ்ச நேரம் அந்தப் பெட்டியையே வெறித்துக்கொண்டு நின்றார். பிறகு வெறுங்கையை ரப்பர் மூடிக்குள் கொண்டு போனார்.

"எடும்வே கையை!"

பிளாஸ்க் உருண்டது. டீ மேசையெல்லாம் ஓடியது. ஆவுடையப்பன் கையை உருவிக்கொண்டு இரண்டு எட்டுப் பின்னால் போனார். அண்ணாச்சி என்று மட்டுமே கூப்பிட்ட வாய். 'வே' போட்டுக் கத்தி அவர் கேட்டதே இல்லை.

பிலோமிக்கு மூச்சு வாங்கியது.

"ரெண்டாவது தடவை தொட்டியளா?"

"இல்லை."

"ஏன் தொடலை?"

ஆவுடையப்பன் விழித்தார்.

"இன்னைக்கு மனசு சரியில்லைம்மா. சாமி கும்பிடத் தோணலை."

"சாமியா?"

"ரெண்டாவது தொடுறது சாமிக்குத்தானே? வேலை தொடங்குமுன்ன ஆயுதத்தைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட மாட்டோமா, அந்த மாதிரி. நீங்க வேதக்காரங்க, உங்க முறை இப்படிப் போலன்னு நெனச்சேன். நானும் ஒரு மரியாதைக்குத் தொட்டுக்கிட்டு வாரேன். மொத தடவை வெடிச்ச கையோட, அப்பவே தொட்டுருவேன். டீக்கு முன்னாலயே."

பிலோமி அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பதா அழுவதா என்று அவருக்கே தெரியவில்லை. முதலில் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தார்.

"ஏசுவே! தப்பு என்னுது அண்ணாச்சி. வாயைத் திறந்து சொல்லியிருக்கணும். எனக்கு உசிரு போயி உசிரு வந்தது."

"என்னம்மா ஆச்சு இப்ப? அதான் டிஸ்சார்ஜ் பண்ணிட்டேனே."

"ஸ்க்ரூடிரைவரை எடுங்க."

எடுத்தார்.

"பாக்கெட்டுல கையைப் போடுங்க. தொடுங்க."

தொட்டார்.

டிக்.

சின்னச் சத்தம்தான். பல்லி சொன்ன மாதிரி. ஆனால் பொறி இருந்தது. இரண்டு பேரும் பார்த்தார்கள்.

ஆவுடையப்பன் சுவரைப் பார்த்தார். கரண்ட் ஒயர் பிளக்கோடு தரையில் கிடந்தது.

"இது எங்க இருந்தும்மா வந்தது?"

"டியூப்புக் கண்ணாடியில இருந்து. எத்தனை வருசமா அவ்வளவு வோல்ட்டையும் தாங்கிக்கிட்டு இருக்கு. கண்ணாடிக்குள்ளயே ஊறிப் போயிருக்கும். மேல இருக்கிறதை எடுத்துட்டா, ஊறினது மெல்ல மெல்ல மேல வரும்."

"யாரும் புதுசாக் கரண்ட் குடுக்கலியே."

"குடுக்க வேண்டாம்."

"இது ஆளைக் கொன்னுருமா?"

"இந்த மிச்சம் கொல்லாது. சுரீர்னு இருக்கும். ஆனா நம்மளை அறியாம கை வெடுக்குனு உதறும். உதறுன கை டியூப்போட கழுத்துல பட்டா, கழுத்து ஒடிஞ்சிரும். அப்புறம் அது எந்த மருந்துக்கும் சரியாகாது. குப்பைக்குத்தான்."

ஆவுடையப்பன் டியூப்பின் கழுத்தைப் பார்த்தார். விரல் கனம்தான் இருந்தது. இத்தனை பெரிய பெட்டிக்கு இவ்வளவு ஒல்லிக் கழுத்து.

"ஆனா நான் சுத்தமா டிஸ்சார்ஜ் பண்ணினேனேம்மா," என்றார். அழாத குறை. "டப்புன்னு வெடிச்சுதே. கடை பூரா கேட்டுதே."

"கேட்டுது."

"நீங்களும் பாத்தியள்லா?"

"பாத்தேன்."

"அப்ப அது பொய்யா?"

பிலோமி மேசையில் ஓடிய டீயைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஆவுடையப்பன் தான் கேட்ட கேள்வி தன் காதிலேயே விழுந்த மாதிரி நின்றார். இடது கை இன்னும் பாக்கெட்டில் இருந்தது. ஐஸ் கம்பெனியில் கட்டி உடைக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

பிறகு அவர் போய் பிளாஸ்க்கை எடுத்தார். மிச்சம் இருந்த டீயை இரண்டு டம்ளரில் சரிபாதியாக ஊற்றினார். ஒன்றைக் குருவுக்குக் கொடுத்தார். ஒன்றைத் தான் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

நிதானமாகக் குடித்தார். பிலோமி மக்ரூன் பொட்டலத்தை நீட்டினார். ஒன்று எடுத்துத் தின்றார். அதையும் நிதானமாகத் தின்றார்.

டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்து, யாரும் சொல்லாமலே ஸ்க்ரூடிரைவரை எடுத்து மூன்றாவது தடவையாகத் தொட்டார். காதைக் கிட்டக் கொண்டு போய்க் கேட்டார்.

சத்தமே இல்லை.

"ம்," என்றார் பிலோமி.

மூடியைக் கழற்றினார்கள். பழைய எல்.ஓ.டி.யில் முடி போல ஒரு விரிசல், அதன் ஓரமெல்லாம் கருகியிருந்தது. உப்புக்காற்றின் வேலை. புதியதை வைத்துப் பற்றவைத்தார்கள். மூடியை மாட்டிப் பிளக்கைச் செருகினார்கள். மானிட்டர் கொஞ்சம் முனகிவிட்டுப் பளிச்சென்று வெளிச்சம் காட்டியது. எத்தனை தடவை பார்த்தாலும் ஆவுடையப்பனுக்கு அந்த நிமிஷம் பிடிக்கும். இன்றைக்கும் பிடித்தது. முகமெல்லாம் சிரிப்பு.

ஸ்க்ரூக்களை முடுக்கினார். மேசையைத் துடைத்தார். ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"எங்க கிளம்பிட்டிய?" என்றார் பிலோமி. "இன்னும் நாலு பெட்டி கிடக்கு."

"மச்சான் வீடு வரைக்கும் போயிட்டு வந்திருதேம்மா."

"கொடையிலதான் பேசி முடிச்சாச்சுன்னியளே?"

"அது மொத தடவை."

செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கினார். பழக்க தோஷம், இடது கை தானாகப் பாக்கெட்டுக்குள் போயிருந்தது. அப்படியே நடந்தார்.

பிலோமி வாசலுக்கு வந்து நின்று, தெருவே கேட்கிற மாதிரி கத்தினார்.

"அண்ணாச்சி! அங்க ரெண்டு கையாலயும் தொடலாம்!"