தூணில்லாத மண்டபம்

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னாடி, கல்லுக்கும் மனுசனுக்கும் அவ்வளவா வித்தியாசம் தெரியாத காலத்துல, நீராழின்னு ஒரு நாடு இருந்துச்சு. ராஜா வாரிசு இல்லாம போய்ச் சேர்ந்துட்டார். சனங்க கூடி, "இனி ராஜாவே வேண்டாம். பொதுவா ஒரு சாசனம் எழுதி, எல்லா ஊரும் ஒப்புக்கிட்டு, அதும்படி நடப்போம்"னு முடிவு பண்ணாங்க. எழுதியும் ஆச்சு. ஒப்புக்கறதுலதான் வந்தது வினை.

மலைக்கட்சி ஒண்ணு, கரைக்கட்சி ஒண்ணு. ஆத்துக்கு அணை போடணும்னு சாசனம் சொல்லுது. கரைக்கட்சி "போடு"ங்குது, மலைக்கட்சி "போடாதே"ங்குது. மலைக்கட்சித் தலைவன் வீரணன். அவன் கூடப்பிறந்த தங்கச்சி முத்திருளாயி, கரையூருக்கு வாக்கப்பட்டுப் போனவ, கரைக்கட்சிக்காகப் பேச வந்திருந்தா.

பழைய ராஜாவோட மந்திரவாதி கருங்காலன், சபை கூட ஒரு மண்டபம் எழுப்பிக் கொடுத்தான். பெரிய கூரை. அடியில ஒரு தூண்கூடக் கிடையாது! நடுவுல காலிச் சிம்மாசனம்.

"தூணில்லாம கூரை எப்படிய்யா நிக்குது?"ன்னு முத்திருளாயி கேட்டா.

"தூண் தானா வரும் தாயி. எல்லாத் தூணும் வந்து சேர்ந்ததும் நான் அந்தச் சிம்மாசனத்துல உக்காருவேன்."

கிழவன் தமாஷ் பண்றான்னு சபையே சிரிச்சுது.

அந்த நாட்டுல ஒரு கெட்ட பழக்கம். பிடிக்காதவன் வாயைத் திறந்தா, ரெண்டு காதுலயும் விரலை விட்டுக்கிட்டு "ம்ம்ம்"னு முனகுவாங்க. மீசை வச்சவனெல்லாம் இதைச் செஞ்சான், வெட்கங்கெட்டவனுங்க!

கரை பேசுச்சு, மலை காதை அடைச்சுது. மலை பேசுச்சு, கரை காதை அடைச்சுது. சாயங்காலம் எல்லாரும் கிளம்பினா, மலைக்கட்சி ஆள் ஒருத்தன் மட்டும் அசையல. காதுல விரலோட கல்லாகி, கூரை வரைக்கும் வளர்ந்து நின்னான்.

"கரைக்காரன் சூனியம்!"னு மலைக்கட்சி இன்னும் அழுத்தி அடைச்சுது. மறுநாள் கரையாள் ஒருத்தன் கல்லானான். "மலைக்காரன் சூனியம்!"னு கரைக்கட்சியும் அழுத்தி அடைச்சுது. இப்படியே ஒண்ணு மாத்தி ஒண்ணா தூண் முளைச்சுது. ஆள் இல்லாத நேரத்துலகூட, கல்லுக்குள்ளேர்ந்து "ம்ம்ம்"னு சத்தம் வந்துக்கிட்டே இருந்துச்சு.

கடைசியா ஒரே ஒரு தூணுக்கு இடம் பாக்கி. அன்னைக்கு வீரணன் முழங்கால் கல்லாச்சு. கருங்காலன் மெதுவாப் போய்ச் சிம்மாசனத்துல உக்காந்தான்.

முத்திருளாயிக்கும் உள்ளங்கால் ஜில்லுன்னுச்சு. அப்பத்தான் அவளுக்கு உறைச்சது. அவ விரலும் காதுலதான் இருந்துச்சு! வெடுக்குன்னு எடுத்தா. குளிர் நின்னுச்சு. ஓடிப்போய் அண்ணனைக் கட்டிக்கிட்டா.

"அண்ணே, நான் உன் தங்கச்சி!" கல்லு இடுப்புக்கு ஏறுச்சு.

"அண்ணே, சாசனம் நல்லதுக்குத்தான்!" கல்லு நெஞ்சுக்கு ஏறுச்சு.

ஐயோ, இவன் இத்தனை நாளா என்னதான் சொன்னான்? அவ கேட்டதே இல்லையே! எப்பவோ விரல் நழுவினப்போ காதுல விழுந்த ஒரே ஒரு பேச்சுதான் ஞாபகம் இருந்துச்சு. கல்லுல நெத்தியை முட்டிக்கிட்டு அழுதுக்கிட்டே சொன்னா:

"அணை போட்டா, அம்மாவைப் புதைச்ச இடம் முழுகிடும். அதானேண்ணே சொன்னே?"

கல்லு நடுங்குச்சு. ஒரு விரல் காதைவிட்டு வந்துச்சு. "ஆமாத்தா... அதைத்தான் சொன்னேன்."

"நான் என்ன சொன்னேன்?"

வீரணன் திக்கித் திணறினான். "அணை இல்லேன்னா... உன் பிள்ளைங்க உப்புத் தண்ணி குடிக்கணும்." சொல்லி முடிக்கவும் கால் வரைக்கும் சதையாச்சு.

அப்புறம் ரெண்டு பேரும் தூண் தூணாப் போய், நெத்தியை முட்டி, அந்த ரெண்டு வார்த்தையையும் சொன்னாங்க. ஒவ்வொருத்தனா இறங்கி ஓடினான். கூரை கிறீச்சுன்னு கத்துச்சு.

"ஓடிடுங்கய்யா!"ன்னு முத்திருளாயி கருங்காலனைக் கூப்பிட்டா.

"உக்காந்தாச்சு. எழுந்திரிக்க மாட்டேன்"னான். கூரை அவன் தலைமேல இறங்குச்சு.

சபை பொட்டல்வெளியில கூடுச்சு. அம்மாவைப் புதைச்ச இடத்துக்குக் கீழ்ப்பக்கமா போடறதா இருந்த அணையை, அந்த இடம் முழுகாதபடி மேல்பக்கமா மாத்தி எழுதினாங்க. எதிர்த்துப் பேசறவன், முதல்ல எதிராளி சொன்னதைச் சொல்லணும், அவன் "ஆமா, அதான்"னு ஒப்புக்கணும்னு ஒரு வரியையும் சேர்த்தாங்க. ரெண்டு கட்சியும் கைதூக்கி, சாசனம் நிறைவேறுச்சு. கரைப் பிள்ளைங்க நல்ல தண்ணி குடிச்சாங்க.

ஆனா, இடிஞ்ச மண்டபத்துல ஒரே ஒரு தூண் இன்னும் நிக்குது. எந்தக் கட்சின்னு யாருக்கும் தெரியாது. முத்திருளாயி உயிரோட இருந்தவரைக்கும் போய் நெத்தியை முட்டிப் பார்த்தா. "ம்ம்ம்"ங்கற சத்தம் நிக்கவே இல்ல.

கதை அவ்வளவுதான். விரலைக் காதுலேர்ந்து எடுங்க, கால் ஜில்லுன்னு ஆகறதுக்குள்ள.