தண்ணீரை வாங்க முடியுமா?

பிலோமினாவிடம் சனிக்கிழமைதோறும் வீடியோ கேம் செய்யக் கற்றுக்கொள்ள வந்தவர்கள் பதினொரு பேர். அவர்களில் நாச்சிமுத்துதான் வயதில் மூத்தவர். அவருக்கு ஐம்பத்தொன்று. ஆசிரியைக்கு முப்பத்தொன்பது.

கோவை கணபதியில், மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையின் மாடியில் வகுப்பு நடக்கும். கீழே சுத்தியல் சத்தம் எழுந்தால் பிலோமினா பேச்சை நிறுத்திக் காத்திருப்பார். சத்தம் ஓய்ந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்.

ஒன்பது வருடங்களுக்கு முன் அவர் சொந்தமாக ஒரு கேம் கம்பெனி நடத்தினார். முதலீடு கிடைத்தது. செய்தித்தாளில் படம் வந்தது. பிறகு கம்பெனியை மூடிவிட்டார். ஏன் என்று கேட்டவர்களிடம், "சரியா வரலை" என்பார். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை.

நாச்சிமுத்து பம்ப் கம்பெனி ஒன்றின் டிசைன் பிரிவில் இருபத்திரண்டு வருடம் இருந்தவர். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். அதே கம்பெனியில் சாஃப்ட்வேர் எழுதிக்கொண்டிருந்த பர்வீன் என்ற பெண்ணும் வேலையை விட்டுவிட்டு அவரோடு வந்தாள். இருவரும் மூன்று வருடம் உழைத்து ஒரு கேம் செய்தார்கள். பெயர், ஊற்று.

மழை பொய்த்த ஊர். ஆடுகிறவர் கிணறு வெட்டவேண்டும். ஆழமாக வெட்டினால் தண்ணீர் வரும். ஆனால் அது பக்கத்துக் கிணற்றிலிருந்து இறங்கி வருகிற தண்ணீர்.

ஒரு சனிக்கிழமை, வகுப்பு முடிந்து எல்லாரும் போனபின் நாச்சிமுத்து மட்டும் நின்றார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கோணுங்க."

"சொல்லுங்க சார்."

"வர்ற வியாழக்கெழமை ரகோத்தமன் நேரம் குடுத்திருக்காருங்க."

ரகோத்தமன் ஏஞ்சல் முதலீட்டாளர். ஒரு கம்பெனி காலணாக்கூடச் சம்பாதிக்காத நிலையில், அதை நடத்துகிற ஆட்களை நம்பித் தன் சொந்தப் பணத்தைப் போடுகிறவர்களை அப்படிச் சொல்வார்கள்.

"அவரு எங்களை நம்போணும்னா நான் என்ன பண்ணோணுங்க?"

பிலோமினா நாச்சிமுத்துவின் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்து ஆடத் தொடங்கினார். முதல் கிணறு வெட்டினார். தண்ணீர் வந்தது. இரண்டாவதை இன்னும் ஆழமாக வெட்டினார். அதிலும் வந்தது. அப்போது திரையின் ஓரத்தில் பக்கத்து வீட்டுப் பெண் வந்தாள். இடுப்பில் வெறுங்குடம். அவள் ஒன்றும் கேட்கவில்லை. கிணற்றடியில் வந்து நின்றாள், அவ்வளவுதான்.

பிலோமினாவின் விரல்கள் நின்றுவிட்டன.

"இந்தப் பொம்பளையை இங்க நிறுத்தினது யாரு?"

"பர்வீனுங்க."

"வியாழக்கிழமை யார் யார் போறீங்க?"

"நான் மட்டுந்தானுங்க."

"பர்வீன்?"

நாச்சிமுத்து தயங்கினார். "நல்ல பொண்ணுதானுங்க. ஆனா வாய்ல பொய்யே வராது. போன தடவை இன்னொருத்தருகிட்ட ரெண்டு பேரும் போனோம். சும்மா இருக்காம, 'மூணாவது கெணத்துல வெலை கம்மியான ஃபோனெல்லாம் அப்படியே நின்னு போயிடுது சார், சரி பண்ண ரெண்டு மாசம் ஆகும்'னு அந்த ஆள்கிட்டச் சொல்லிப்போட்டா. அவரு எந்திரிச்சுப் போயிட்டாருங்க."

"பர்வீனைக் கூட்டிட்டுப் போங்க."

"ஏனுங்க டீச்சர்?"

"கூட்டிட்டுப் போங்க சார்."

நாச்சிமுத்து கும்பிட்டுவிட்டுப் படி இறங்கினார்.

ஞாயிறும் திங்களும் யோசித்தார். செவ்வாய்க்கிழமை பர்வீனிடம், "அவருக்கு ஏதோ வேலையாம்மா. அடுத்த வாரம் பாக்கலாம்னுட்டாரு" என்றார்.

"பரவாயில்லை சார். அதுக்குள்ள நான் கொஞ்சம் வேலையை முடிச்சிடறேன்" என்றாள் பர்வீன்.

வியாழக்கிழமை ரகோத்தமன் தன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து நாற்பது நிமிடம் ஆடினார். நாச்சிமுத்து தண்ணீர்கூடக் குடிக்காமல் அருகில் இருந்தார். குடத்தோடு அந்தப் பெண் வந்து நின்ற இடத்தில் ரகோத்தமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இது யாரோட யோசனை?"

"எங்க யோசனைதானுங்க."

"எங்கன்னா?"

"நானும் டீமுமுங்க."

ரகோத்தமன் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "அவ கிணறு வத்திப்போச்சு. எனக்கு மனசு கேக்கலை. நிஜக் காசு குடுத்து அவளுக்குத் தண்ணி வாங்க முடியுமா?"

நாச்சிமுத்துவுக்குப் பதில் தெரியும். முதல் மாதமே அவரும் இதையே கேட்டிருக்கிறார். பர்வீன் சொன்னாள்: "இதுல தண்ணியை மட்டும் வாங்க முடியாது சார். வாங்க முடியும்னா, வெட்டற கைக்கு பயமே இருக்காது."

அன்று அதைக் கேட்டு ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தார். வீட்டில் மனைவியிடம்கூடச் சொன்னார்.

"முடியுமுங்க" என்றார் இப்போது. "அது எங்க திட்டத்துலயே இருக்குதுங்க."

ரகோத்தமன் திரையிலிருந்து கண்ணை எடுத்தார். பிறகு, "அப்ப வருமானத்துக்கு வழி இருக்கு" என்று சொல்லிக் கை கொடுத்தார். "நான் சேர்ந்துக்கறேன்."

வாசலுக்கு வந்ததும் நாச்சிமுத்து செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்துவிட்டார். அவ்வளவு சந்தோஷம்.

மறுநாள் காலை ரகோத்தமன் வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டார். கேமின் முகப்பில் தொடர்புக்கென்று போட்டிருந்தது பர்வீனின் எண். அவள்தான் எடுத்தாள். சந்திப்பு நடந்ததும், தண்ணீரை விற்கப்போவதும் அப்படித்தான் அவளுக்குத் தெரிந்தது.

நாச்சிமுத்து அலுவலகத்துக்கு வந்தபோது அவள் மேசை காலியாக இருந்தது. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது, எதைத் தொட்டால் எது உடையும் என்று நான்கு பக்கம் எழுதி வைத்திருந்தாள். மேலே சாவி இருந்தது. அவள் கதவருகே பையோடு நின்றாள்.

"பர்வீன், நான் சொல்றதைக் கேளும்மா."

"எழுதினது புரியலைன்னா கூப்பிடுங்க சார்."

"அவரு கேட்டாரும்மா. அந்த நேரத்துல வாய்ல வந்துருச்சு."

"சரி சார்." அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள். "அந்த மூணாவது கிணறு, ஃபோன் நின்னு போகுமே. புதன்கிழமை சரி பண்ணிட்டேன். உங்ககிட்ட சொல்லலாம்னு இருந்தேன்."

அவள் போனபின் நாச்சிமுத்து தன் பழைய ஃபோனில் கேமைத் திறந்து மூன்றாவது கிணற்றை வெட்டினார். எங்கேயும் நிற்கவில்லை. தண்ணீர் மேலே வந்தது.

ஒரு வாரம் கழித்து, மனசு தாங்காமல், ரகோத்தமனிடமே போய் நடந்ததைச் சொன்னார். அவர் கோபப்படவில்லை.

"நான் கேட்டது வெறும் கேள்வி சார்" என்றார். "முடியாதுன்னு சொல்லியிருந்தா, ஏன்னு கேட்டிருப்பேன்."

"ஏன்னு கேட்டிருந்தா எனக்கு பதில் தெரியுமுங்க."

"அந்தப் பொண்ணு சொன்ன பதிலா?"

"ஆமாங்க."

அந்தப் பதிலை நாச்சிமுத்து சொன்னார். ரகோத்தமன் தலையைக் குனிந்துகொண்டார்.

"குடத்தோட அவளை அங்க நிறுத்தின ஆளை நம்பித்தான் நான் பணம் போட நெனச்சேன். அது நீங்கன்னு நெனச்சேன். அந்தப் பொண்ணு இல்லாம இதுல எனக்கு வேலையில்லை. தப்பா எடுத்துக்காதீங்க."

நாச்சிமுத்து உக்கடத்தில் பர்வீனின் வீட்டுக்குப் போனார். அவளுடைய அத்தா வெளியே வந்து நாற்காலி போட்டார். மகள் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார். "உங்களைப் பத்தி அவ ஒரு வார்த்தை தப்பா சொல்லலை சார்" என்றார். அதைக் கேட்டபின் நாச்சிமுத்துவால் அங்கே உட்கார முடியவில்லை.

மூன்று வாரம் அவர் வகுப்புக்கு வரவில்லை. நான்காவது சனிக்கிழமை வந்தார். வகுப்பு முடியும்வரை படிக்கட்டிலேயே நின்று, எல்லாரும் இறங்கியபின் மேலே ஏறினார்.

பிலோமினா கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க சார். காணோமேன்னு பார்த்தேன்."

நாச்சிமுத்து உட்கார்ந்தார். எல்லாவற்றையும் சொன்னார், எதையும் குறைக்காமல். செருப்பை மாற்றிப் போட்டதைக்கூடச் சொன்னார்.

"நீங்க கூட்டிட்டுப் போகச் சொன்னீங்க. நான் கேக்கலை" என்று முடித்தார். "அந்தப் பணம் போனாப் போகுதுங்க. அந்தப் பொண்ணு திரும்பி வரோணும். அதுக்கு நான் என்ன பண்ணோணும் டீச்சர்?"

"தெரியலை சார்."

"உங்களுக்குத் தெரியாமலா?"

பிலோமினா துணியைக் கீழே வைத்துவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"எனக்கும் ஒரு ஆள் இருந்தான். மிக்கேல். தூத்துக்குடியில என்கூட பாலிடெக்னிக் படிச்சவன். எங்க கம்பெனியில படம் வரைஞ்சதும் அவன்தான், பாட்டு போட்டதும் அவன்தான். பேச்சு திக்கும். என்கிட்ட பேசறப்ப மட்டும் திக்காது."

நாச்சிமுத்து நிமிர்ந்தார். இந்தப் பெயரை அவர் இதுவரை கேட்டதில்லை.

"முதலீட்டாளர் வர்ற அன்னைக்கு, எதிர்ல இருக்கற டீக்கடையில போய் உக்காருன்னு சொன்னேன். அவர் கெளம்பினதும் கூப்பிடறேன்னேன். சரின்னு போய் உக்காந்தான். மூணு மணி நேரம்."

"பணம் வந்துச்சுங்களா?"

"வந்துச்சு. பேப்பர்லயிருந்து பேட்டி எடுக்க வந்தாங்க. ஒரே ஆளா இவ்வளவும் எப்படிப் பண்ணீங்கன்னு கேட்டாங்க." அவர் கொஞ்சம் நிறுத்தினார். கீழே சத்தம் ஏதும் இல்லை. "நான் திருத்தலை."

"படிச்சிட்டு அவரு என்ன சொன்னாருங்க?"

"ஃபோட்டோ நல்லா இருக்குன்னான். கையில இருந்த வேலையெல்லாம் முடிச்சுக் குடுத்தான். எட்டு மாசம் ஆச்சு. அப்புறம் ஊருக்குப் போயிட்டான். அவன் போனதுக்கு அப்புறம் எங்களால ஒரு கேம் பண்ண முடியலை. ரெண்டு வருஷம் இழுத்துப் பார்த்துட்டு மூடினேன்."

"போய்ப் பாக்கலீங்களா?"

"மூடின பிறகு போனேன். ஐஸ் ஃபேக்டரியில வேலை பார்த்துட்டு இருந்தான். அவங்க அம்மா காப்பி போட்டுக் குடுத்தாங்க. அவன் எதிர்ல வந்து உக்காந்து, சௌக்கியமான்னு கேட்டான்."

நாச்சிமுத்து காத்திருந்தார்.

"திக்குச்சு சார்" என்றார் பிலோமினா. "என்கிட்ட பேசறப்ப, முதல் தடவையா."

"நீங்க என்னங்க சொன்னீங்க?"

"மன்னிப்புக் கேக்கத்தான் போனேன். அதைக் கேட்ட பிறகு வாய் வரலை. காப்பியைக் குடிச்சிட்டு பஸ் ஏறிட்டேன்."

ஜன்னலில் வெயில் சாய்ந்து காலி நாற்காலிகள்மேல் விழுந்தது. நாச்சிமுத்து கைகளைக் கோத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுத்து நிறுத்தினார். பிறகு கேட்டுவிட்டார்.

"டீச்சர், தப்பா நெனைக்காதீங்க. இதை அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா, நான் பர்வீனைக் கூட்டிட்டுப் போயிருப்பனுங்க."

"போயிருப்பீங்க."

"அப்பறம் ஏனுங்க சொல்லலை?"

பிலோமினா அவர் முகத்தை நேராகப் பார்த்தார்.

"சொன்னா, அடுத்த சனிக்கிழமை நீங்க வரமாட்டீங்கன்னு பயந்தேன் சார்."